கழற்றிப் பார்த்த கைகள்: ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை



முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் நமக்குக் கொடுத்த முதல் ஜாப் ஞாபகம் இருக்குங்களா? ஒரு இரும்புத் துண்டு, ஒரு அரம், ஒரு மூலைமட்டம். அவ்வளவுதான்! நாலு பக்கமும் நேராக வரும் வரைக்கும் ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளித்து, காக்கிச் சட்டை வேர்வையில் ஊறி, இனிமேல் முடிந்தது என்று மட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவிலே வெளிச்சம் தெரியும். மறுபடியும் அரத்தைக் கையில் எடுக்க வேண்டியதுதான். இந்தக் காலத்தில் எதற்குடா இந்த வேலை என்று அன்றைக்கு நாம் எல்லோருமே முணுமுணுத்தவர்கள்தான்.

அமெரிக்காவில் 2005-ஆம் வருஷம் தொடங்கி, கையால் செய்த சைக்கிள்களுக்கென்றே ஒரு கண்காட்சி பல ஆண்டுகள் நடந்தது. அங்கே வைத்த சைக்கிள்கள் பெரிய ஃபேக்டரியில் வரிசையாக வந்தவை அல்ல. ஒரு ஆள், ஒரு சின்னப் பட்டறை. குழாயை அளந்து அறுத்து, வாயை வளைவாக ராவி, பித்தளை வைத்துப் பற்றவைத்து, மறுபடியும் ராவி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். நாம் ஒர்க் ஷாப்பில் அலுத்துக்கொண்டு செய்கிற அதே அறுப்பு, அதே அரம், அதே பிரேசிங்! அதை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஜனங்கள் பார்த்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் நம் ஊரில் அப்படி ஒரு இடம் உண்டா என்ற கேள்வி வந்தது. யோசிக்கவே வேண்டாம், நண்பர்களே. அவினாசி ரோட்டிலேயே இருக்கிறது. 1967-இல் அமைக்கப்பட்ட ஜி.டி. நாயுடு தொழிற்கண்காட்சிதான் அது. சைக்கிள் கண்காட்சி இல்லைதான். ஆனால் ஒரு மனிதர் தன் கையாலும் மூளையாலும் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய கதை முழுதும் அங்கே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரிசையில் நின்று, வாத்தியார் விரட்ட விரட்ட, பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு வந்திருப்போம். டிப்ளமோ மாணவனாக ஒருமுறை போய்ப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் நம்மைப் பார்த்து ஏதோ கேட்கிற மாதிரி இருக்கும்.

அந்த மனிதரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் வருஷம் மார்ச் 23-ஆம் தேதி, சூலூருக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய். வாத்தியார் மேலேயே மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடிய பையன் என்று ஊர்ப்பக்கம் இன்றைக்கும் கதை சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டார் என்றுதான் அவர் வரலாற்றை எழுதிய எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கப்புறம் தோட்டத்து வேலை. ஆனால் கையில் கிடைத்த பேப்பர், புத்தகம் எல்லாவற்றையும் விடாமல் படிக்கிற பழக்கம் மட்டும் இருந்தது. பாடப்புத்தகம்தான் பிடிக்கவில்லை, புத்தகமே பிடிக்காமல் இல்லை. இதை நம்மில் சிலர் நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்!

அந்தக் கிராமத்துக்கு ஒரு நாள் லங்காஷயர் என்கிற வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒரு வண்டியில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிக்கவும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது! ரட்ஜ் என்கிற இங்கிலீஷ் கம்பெனி மோட்டார் சைக்கிள் அது. அதைப் பார்த்த நாளிலிருந்து துரைசாமிக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்த ரட்ஜ் கம்பெனியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது முதலில் மோட்டார் சைக்கிள் கம்பெனியே அல்ல, சைக்கிள் கம்பெனி. முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் சாண் உயரம் என்று பழைய படங்களில் பார்ப்போமே, அந்தக் காலத்திலிருந்தே சைக்கிள் செய்துவந்தவர்கள். 1911 வாக்கில்தான் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு இறங்கினார்கள். சைக்கிள் ஃபிரேமைப் பலமாக்கி, ஒரே சிலிண்டர் உள்ள எஞ்சினை நடுவில் உட்கார வைத்து, பின்சக்கரத்துக்கு ஒரு பெல்ட் போட்டால் அதுதான் அன்றைய மோட்டார் சைக்கிள். அமெரிக்காவில் ஆகாய விமானம் செய்த ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தான். 1903-இல் பறந்த அந்த விமானத்தில் எஞ்சினிலிருந்து விசிறிகளுக்குச் சக்தியைக் கொண்டுபோனது செயினும் ஸ்பிராக்கெட்டும்! சைக்கிள் தெரிந்தவனுக்கு மற்ற இயந்திரங்களின் வாசல் திறந்துவிடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஏனென்றால், சைக்கிள் எதையும் ஒளித்து வைப்பதில்லை. செயின், ஃப்ரீவீல், கோன், பால்ஸ், பிரேக் கட்டை எல்லாம் கண்ணுக்கு முன்னாடியே இருக்கிறது. அந்த முதல் மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். மூடி கிடையாது, மறைப்பு கிடையாது. கூர்ந்து பார்த்தால் எது எதைத் தள்ளுகிறது என்று பிடிபடும். படிக்காத ஒரு பையனுக்கு அதுவே பாடப்புத்தகம் ஆயிற்று.

முந்நூறு ரூபாய் காலேஜ்

வண்டி வேண்டும். கையில் காசு இல்லை. துரைசாமி என்ன செய்தார்? கோயமுத்தூருக்கு வந்து ஒரு ஓட்டலில் சப்ளையர் வேலைக்குச் சேர்ந்தார். டம்ளர் கழுவி, இலை எடுத்து, மூன்று வருஷம் போல வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பணம் சேர்த்தார். முந்நூறு ரூபாய் சேர்ந்ததும் லங்காஷயரிடமே போய் அந்த வண்டியை விலைக்கு வாங்கிவிட்டார்!

வாங்கியவர் வேறு யாராக இருந்தாலும் ஊரைச் சுற்றி நாலு ரவுண்டு வந்திருப்பார். நாமாக இருந்தால் பஸ் ஸ்டாப் பக்கமாக இரண்டு தடவை கூடவே போயிருப்போம்! நாயுடு செய்ததே வேறு. வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். கழற்றியதை மறுபடியும் பூட்டினார். திரும்பக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மேனுவல் இல்லை. ஒரு நட்டு மிச்சமாகிவிட்டால் அது எங்கே போக வேண்டும் என்று தானேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் ஊர் சைக்கிள் கடையில் ஓவராயில் பார்க்கிற தம்பிகளைக் கவனித்திருக்கிறீர்களா? கோனைக் கழற்றி, பால்ஸைத் தட்டில் கொட்டி, மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸ் வைத்து, ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். ஒரு பால் குறைந்தால் கை சொல்லிவிடும். கோனை அதிகம் முறுக்கினால் சக்கரம் இறுகும், குறைத்தால் ஆடும். அந்த நடு இடம் எங்கே என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கையிலேதான் இருக்கிறது. நாயுடு கட்டணம் கட்டிப் படித்த ஒரே காலேஜ் அந்த முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்தான் என்று சொன்னால் தப்பில்லை.

விழுந்தும் எழுந்தும்

அதற்குப் பின்னால் எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலக யுத்த காலத்தில் திருப்பூர் பக்கம் பருத்தித் தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்தைக் கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்தார். அங்கே அத்தனையும் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

திரும்பியவருக்குக் கைகொடுத்தது பழைய கழற்றல் படிப்புதான். கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் கிடைத்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்தப் பஸ் ஓட ஆரம்பித்தது. முதலாளியும் அவரே, ஓட்டுகிறவரும் அவரே. நடுவழியில் நின்றால் கீழே படுத்து ரிப்பேர் பார்க்கிறவரும் அவரே! அந்த ஒற்றைப் பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்று கொங்கு நாடு முழுக்கப் பெயர் வாங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. பஸ் ஓட்டம் பெருகப் பெருக ஒர்க் ஷாப் பெருகியது. ஒர்க் ஷாப் பெருகப் பெருக அவருடைய கைக்கு வேலை பெருகியது.

கண்டுபிடிப்புகள் வரிசையாக வந்தன. ட்ரை செல்லில் ஓடுகிற குட்டி மோட்டார் வைத்த ரேசர் ஒன்று செய்தார். ரேசன்ட் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாராகி ஐரோப்பாவில் விற்றது. மெல்லிய ஷேவிங் பிளேடு, கேமராவுக்கு தூரம் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளுகிறது. நடுவில் சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றும் பார்த்தார்! 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். தோட்டத்துப் பையன் என்பதை மறக்காமல் பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார்.

கண்ணாடிப் பெட்டியும் கிணற்று மேடும்

கண்காட்சியில் இந்தப் பொருள்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வரும்போது பெருமையாக இருக்கும். கூடவே மனசு கொஞ்சம் கனக்கும். 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952-இல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலையில் கொண்டுவந்தார். என்ன ஆயிற்று? அந்தக் காலத்தில் 1951-ஆம் வருஷத்துத் தொழில் சட்டப்படி பெரிய தொழில் தொடங்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் நின்றுபோனது. கோயமுத்தூர் கார் என்று இன்றைக்கு நாம் காலரைத் தூக்கி விட்டிருக்கலாம். போகட்டும்.

லைசென்ஸ் தராத அரசாங்கத்தின் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் டிப்ளமோ படிக்கிற நாம் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றே ஒன்றைச் செய்வது வேறு. அதே அளவில், அதே தரத்தில் ஆயிரம் செய்வது வேறு. ஒன்று செய்யக் கைத்திறமை போதும். ஆயிரம் செய்ய ஜிக் வேண்டும், ஃபிக்ஸர் வேண்டும், டாலரன்ஸ் வேண்டும், அதைப் படித்துப் புரிந்துகொள்கிற ஆயிரம் கைகள் வேண்டும். தன் கையில் உள்ளது அடுத்தவன் கைக்குப் போனால்தான் அது தொழில்.

அப்படி அடுத்தவர் கைக்குப் போன ஒன்று நாயுடுவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பைக்காராவில் 1932-இல் நீர்மின்சாரம் வந்தது. அதன் பிறகு கோவைப் பக்கம் மில்லுகளுக்கும் கிராமங்களுக்கும் கரண்ட் வரத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது, கிணற்றில் தண்ணியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மோட்டார் வேண்டாமா? சீமையிலிருந்து வர வேண்டும், விலையோ யானை விலை. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் உருவாக்கினார். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று போற்றப்படுவது அதுதான். பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் பிறந்தது. பாலசுந்தரம் பிற்பாடு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். அங்கே வேலை கற்றவன் இங்கே பட்டறை போட்டான், இங்கே கற்றவன் இன்னோர் இடத்தில் போட்டான். வார்ப்பட ஃபவுண்டரி, மோட்டார் பம்பு, வெட் கிரைண்டர் என்று நம் ஊருக்கு இன்றைக்கு இருக்கிற பேரெல்லாம் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்ததுதான். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

பாருங்க, கார் கதையாக நின்றுவிட்டது. மோட்டாரோ ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் உழைத்தது அதே கைதான். ஒன்று அவரோடு நின்றது, மற்றொன்று பல பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு அவர் வைத்த வழக்கு

இதை அவரே உணர்ந்திருக்க வேண்டும். 1944-இல் மோட்டார் தொழிலின் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டு, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் பணத்தை ஒதுக்கினார். அடுத்த வருஷமே கல்விக்கு வந்துவிட்டார். 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கோவையில் தொடங்கின. அன்றைய சென்னை மாகாண கவர்னரின் பெயர் அது. தொடங்கி வைக்கப் பாடுபட்டவர் மட்டுமல்ல, முதல்வராக நாற்காலியில் உட்கார்ந்தவரும் நம் நாயுடுவேதான். மூன்றாம் வகுப்புக்காரர் பிரின்சிபால்! அந்தக் கல்லூரி பின்னர் தடாகம் ரோட்டுக்குப் போய், இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. ஆனாலும் நாம் தினமும் பஸ்ஸில் ஹோப் காலேஜ் ஸ்டாப் என்று கேட்டு இறங்குகிறோமே, அந்தப் பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். காலேஜ் இல்லாத காலேஜ் ஸ்டாப் எப்படி வந்தது என்று ஜூனியர்கள் கேட்டால் இனிமேல் பதில் சொல்லுங்கள்.

அந்தப் பதவியில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. நாலு வருஷப் படிப்பு எதற்கு, கைவேலையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. வகுப்பும் எடுத்துக் காட்டினார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார்.

அவர் சொன்னது சரியா, தப்பா? ஹாஸ்டலில் இதை வைத்து ஒரு ராத்திரி முழுக்க விவாதம் பண்ணலாம். எல்லாப் பாடத்தையும் இரண்டு வருஷத்தில் அடக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தியரி இல்லாமல் கைப்பழக்கம் மட்டும் இருந்தால் புது இயந்திரம் வந்ததும் திகைத்து நிற்போம். கழற்றத் தெரியும், கணக்குப் போடத் தெரியாது என்றால் அதுவும் அரைக்கிணறுதான். ஆனால் அவருடைய வழக்கின் மையம் வருஷக் கணக்கு இல்லை என்று நினைக்கிறேன். படிக்கிற காலத்தில் எத்தனை மணி நேரம் கையில் டூல் இருக்கிறது என்பதே அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கு நாம் இன்றைக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியுமா?

ஊரிலே கல்யாண வீட்டுக்குப் போனால் டிப்ளமோ மட்டும்தானா, பி.ஈ. சேரவில்லையா என்று கேட்கிறார்கள். முகம் சுண்டிப் போகிறது. கோபப்படுகிறோம். சரி, கோபப்பட்ட நாமே கடைசி வருஷம் என்ன செய்கிறோம்? ஒளிவு மறைவு இல்லாமல் பேசுவோம். ப்ராஜெக்ட் என்று வந்தால் கடைக்குப் போய் ரெடிமேடாக வாங்கிவந்து, பெயின்ட் காயும் முன்னே வைவாவில் வைத்துவிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்களா, இல்லையா? உள்ளே என்ன இருக்கிறது என்று எக்ஸ்டர்னல் கேட்டால் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்கிறோமா, இல்லையா? ரெக்கார்டில் ரீடிங்கை முன்னாடி எழுதிவிட்டுப் பிறகு லேபுக்குப் போகிறோமே!

நாயுடு கழற்றிப் பார்ப்பதற்காகவே மூன்று வருஷம் இலை எடுத்து ஒரு வண்டியை வாங்கினார். நாம் கழற்றாமல் இருப்பதற்காகக் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்குகிறோம். நமக்கும் மூன்று வருஷம்தான். இதைப் படிக்கிற உங்களைச் சொல்லவில்லை, எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மட்டமாகப் பேசுகிற சொந்தக்காரருக்கு ஒரே பதில், நாம் கையால் செய்த ஒரு பொருளை அவர் முன்னால் ஓட்டிக் காட்டுவதுதான்.

ஒரு வேண்டுகோள்

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி, எண்பது வயதில் மறைந்தார். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்துக் கிலோமீட்டருக்குத் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பாலத்தின் மேலே பறந்துபோகிறவனுக்குக் கீழே இருக்கிற கண்காட்சியும் தெரியாது, ஹோப் காலேஜ் ஸ்டாப்பும் தெரியாது. ஒரு நாள் கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள்.

மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பாட்டு, டான்ஸ், கோலப்போட்டி எல்லாம் இருக்கட்டும். அதோடு ஒரு ஹாலைக் கையால் செய்த பொருள்களுக்கு ஒதுக்குங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நம் ஸ்டாண்டில் துருப்பிடித்துக் கிடக்கிற பழைய சைக்கிள்கள் எத்தனை! நாலு பேருக்கு ஒன்று. முழுக்கக் கழற்றி, அலசி, தேய்ந்த பாகத்தை லேத்தில் கடைந்து, கோட்டம் எடுத்து, பூட்டி ஓட்ட வேண்டும். ஃபிரேம் உடைந்திருந்தால் நாமே பிரேசிங் செய்ய வேண்டும். எந்த டிபார்ட்மென்ட்டும் கலந்துகொள்ளலாம். முதல் வருஷத் தம்பி தங்கைகளுக்குக் கட்டாயம் இடம் வேண்டும். கழற்றியவன் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அதற்கும் மார்க் போடுங்கள்.

பூட்டி முடித்த பிறகு ஒரு நட்டு மிச்சமிருந்தால் வெட்கப்பட வேண்டாம், நண்பர்களே. அது எங்கே போக வேண்டும் என்று தேடுகிற அந்தச் சாயங்காலத்தில்தான் நம் படிப்பே ஆரம்பமாகிறது. கலங்கல் கிராமத்துப் பையனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

அரத்தைக் கையில் எடுப்போம்.